18446744073709551615: இது எந்த வகை எண்?

முகிலன்_64

வேலையில் ஒரு லாக் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையிருப்பு எண்ணிக்கை வர வேண்டிய இடத்தில் 18446744073709551615 என்று வந்து நின்றது. ஏன் வந்தது என்பது தெரியும். கழித்தல் குறியை ஏற்காத 64 பிட் மாறியில் பூஜ்யம் இருந்தது, யாரோ அதிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டார்கள், அது சுற்றிக்கொண்டு உச்சிக்குப் போய்விட்டது. 2^64 − 1. அந்தப் பிழையைச் சரிசெய்தாயிற்று.

என் கேள்வி வேறு. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த எண் தினசரி பார்க்கிற முகம். ஆனால் கணக்கு ரீதியாக இது எப்படிப்பட்ட எண்? பகா எண்ணா? இல்லையென்றால் காரணிகள் என்ன? நிறைவெண், மிகையெண், முக்கோண எண் என்றெல்லாம் சொல்கிறார்களே, இது எதில் சேரும்? கணினியில் ஒரு வரி அடித்தால் விடை வந்துவிடும், தெரியும். அந்த விடை ஏன் அப்படி இருக்கிறது என்று யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

சும்மா_ஒருத்தன்

5-இல் முடிகிறது. பகா எண் இல்லை. இழையைப் பூட்டிவிடலாம் :)

பிரவீன்_கோவை

ஒரு நிமிடம். ப்ரௌசர் கன்சோலில் இந்த எண்ணை ஒட்டினால் 18446744073709552000 என்று வருகிறது. கடைசியில் மூன்று சைபர். அப்படியானால் 1000-ஆல் வகுபடும், இரட்டை எண், மிகையெண்ணாகவும் இருக்க வேண்டும். சரிதானே?

தீபா_எண்கள்

பிரவீன், அங்கே இருப்பது நீங்கள் ஒட்டிய எண்ணே இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் சாதாரணமாக எண்களை 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக (floating point) வைத்துக்கொள்கிறது, முழு எண்களை 9007199254740991 வரைதான், அதாவது 2^53 − 1 வரைதான், ஒன்றுவிடாமல் துல்லியமாகப் பிடிக்கும். அதைத் தாண்டினால் பக்கத்தில் கிடைக்கிற இடத்தில் உட்கார வைத்துவிடும். உங்கள் எண் உள்ளே 2^64 ஆக மாறிவிட்டது. அதைத் திரையில் காட்டும்போது சுருக்கமாக 18446744073709552000 என்று எழுதுகிறது. பைத்தானில் போடுங்கள், ஒரு இலக்கம்கூட நகராது.

இரட்டை எண்ணாக இருக்க வாய்ப்பே இல்லை. இரும எண்ணாக எழுதினால் வரிசையாக 64 ஒன்றுகள். கடைசி இலக்கம் ஒன்று என்றாலே ஒற்றைப்படை.

வாத்தியார்_நாகை

தம்பி முகிலன், கணினியை மூடி வைத்துவிட்டு ஒரு தாளையும் பேனாவையும் எடுங்கள். பள்ளிக்கூட முற்றொருமை ஒன்று போதும். ஒரு எண்ணின் வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்தால், அந்த எண்ணோடு ஒன்று கூட்டியதையும் ஒன்று குறைத்ததையும் பெருக்கிய விடை வரும். 2^64 என்பது 2^32-இன் வர்க்கம். ஆகவே

2^64 − 1 = (2^32 + 1) × (2^32 − 1)

இரண்டாவது அடைப்புக்குறிக்குள் இருப்பதும் இதே மாதிரி ஆள்தான். அதையும் பிரியுங்கள். (2^16 + 1) × (2^16 − 1). மறுபடி அதே. 2^8, 2^4, 2^2, 2 என்று இறங்கி, கடைசியில் 2 − 1 = 1 என்று முடிந்துவிடும். கையில் மிஞ்சுவது கூட்டல் குறிக்காரர்கள் மட்டும்:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இருபது இலக்க எண் ஒன்று இரண்டு நிமிடத்தில் ஆறு துண்டாகிவிட்டது. இந்த ஆறு பேருக்கும் ஒரு குடும்பப் பெயர் உண்டு: ஃபெர்மா எண்கள். 2-ஐத் திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தி, ஒன்று கூட்டினால் வருபவை. 17ஆம் நூற்றாண்டில் பியர் டி ஃபெர்மா இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்கள் என்று உறுதியாக நம்பினார். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள்தான். ஆறாவது ஆள் காலை வாரிவிட்டார்.

1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணிதர் ஒரு கடிதத்தில், ஃபெர்மா இப்படிச் சொல்லியிருக்கிறாரே, தெரியுமா என்று இன்னொரு கணிதரான ஆய்லரிடம் கேட்டார். ஆய்லருக்கு அப்போது வயது 22. 1732-இல் ஆய்லர் விடையோடு வந்தார்: 4294967297 = 641 × 6700417.

ஆக உங்கள் எண்ணின் முழுப் பகுப்பு:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

முகிலன்_64

அருமை சார். ஆனால் 641 மட்டும் எங்கிருந்தோ குதித்த மாதிரி இருக்கிறது. அதுவரை முற்றொருமை பார்த்துக்கொண்டது. 641-ஐ ஆய்லர் எப்படிப் பிடித்தார்? ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்தாரா?

தீபா_எண்கள்

வாத்தியார் சாருக்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஒரு பகா எண் 2^32 + 1-ஐ வகுக்கிறது என்று வையுங்கள். அப்படியென்றால் அந்த எண்ணால் வகுக்கும்போது 2^32-க்கு மீதி −1. அதை வர்க்கப்படுத்தினால் 2^64-க்கு மீதி 1. அதாவது 2-இன் அடுக்குகளை வரிசையாக வகுத்துக்கொண்டே போனால், மீதி 1 முதன்முதலில் வருவது சரியாக 64ஆவது அடுக்கில். இங்கே ஃபெர்மாவின் சிறிய தேற்றம் வந்து உட்காருகிறது: பகா எண்ணிலிருந்து ஒன்று குறைத்த அடுக்கில் மீதி கண்டிப்பாக 1. ஆகவே பகா எண்ணில் ஒன்று குறைத்தால் அது 64-ஆல் வகுபட்டே ஆக வேண்டும்.

எனவே எல்லாப் பகா எண்களையும் சோதிக்க வேண்டியதில்லை. 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டியவை போதும். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் அகப்பட்டுவிடும்! பிறகு 1878-இல் எடுவார் லூக்கா இதை இன்னும் இறுக்கி, 64 இல்லை, 128-இன் மடங்கோடு ஒன்று என்று காட்டினார். அந்தச் சல்லடையில் 641-க்கு முன்னால் நிற்கும் ஒரே பகா எண் 257. அதுவே இன்னொரு ஃபெர்மா எண் என்பதால், அதற்கும் 4294967297-க்கும் பொதுக் காரணி இருக்க முடியாது. நேராக 641.

இதில் வேடிக்கை என்னவென்றால், பயன்பட்ட கருவி ஃபெர்மாவுடையது. 1640-இல் அவரே கடிதத்தில் எழுதிய தேற்றம். அதைத் தன் ஊகத்தின் மேலேயே ஒருமுறை வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும்.

வாத்தியார்_நாகை

தீபா சொன்னது சரி. 641 வகுக்கிறது என்பதைச் சரிபார்க்கப் பெரிய வகுத்தல்கூட வேண்டாம். மீதிகளை மட்டும் வர்க்கப்படுத்திக்கொண்டே போங்கள்.

2^8 = 256
2^16: 65536-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 154
2^32: 154 × 154 = 23716, மீதி 640

640-உடன் ஒன்று கூட்டினால் 641. முடிந்தது. வகுப்பில் இதைச் செய்துகாட்டும்போது கடைசி வரியில் பிள்ளைகள் கண் விரியும்.

பிரவீன்_கோவை

சரி, 6700417 பகா எண் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதுவும் உடையலாமே.

தீபா_எண்கள்

நியாயமான கேள்வி. அதே சல்லடைதான். 6700417-இன் காரணி எதுவானாலும் அது 4294967297-இன் காரணியும்கூட. ஆகவே அதுவும் 128-இன் மடங்கோடு ஒன்றாக இருக்க வேண்டும். வர்க்கமூலம் 2588 சொச்சம். அந்த எல்லைக்குள் 129, 257, 385 என்று எழுதிக்கொண்டே போய்ப் பகு எண்களை அடித்துவிட்டால், 257-ஐ ஒதுக்கிய பிறகு நான்கு பேர் மிஞ்சுவார்கள்: 641, 769, 1153, 1409. வகுத்தால் வரும் மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஒன்றும் பூஜ்யம் இல்லை. பகா எண். நாலே நாலு வகுத்தல், கால்குலேட்டர் இல்லாமலே செய்யலாம்.

முகிலன்_64

செய்து பார்த்தேன் அக்கா, சரியாக வருகிறது. இப்போது வகைப்பாட்டுக்கு வருவோமா?

தீபா_எண்கள்

போகிற போக்கில் சிலவற்றை முடித்துவிடுகிறேன்.

ஏழு பகாக் காரணிகள், ஒன்றும் திரும்ப வரவில்லை. ஆகவே 1-ஐத் தவிர எந்த வர்க்க எண்ணும் இதை வகுக்காது. வகுஎண்கள் 2^7 = 128. எல்லா வகுஎண்களையும் கூட்டினால் எண்ணைப்போல் 1.7034 மடங்கு வரும். 2 மடங்கு வந்தால் நிறைவெண், தாண்டினால் மிகையெண். இது குறைவெண். நிறைவெண்ணாக இருக்க வாய்ப்பில்லை என்பது முன்பே தெரிந்ததுதான்: ஒற்றைப்படை நிறைவெண் ஒன்று இருந்தால் அது 10^1500-ஐ விடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று 2012-இல் நிறுவியிருக்கிறார்கள். நம் எண்ணுக்கு வெறும் இருபது இலக்கம்.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 87. அதாவது 3 × 29. நம் காரணிப் பட்டியலில் 29 இல்லை, ஆகவே தன் இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடும் ஹர்ஷத் எண் இல்லை. (ஹர்ஷத் என்று பெயர் வைத்தவர் நம் நாட்டுக் கப்ரேக்கர், தேவ்லாலியில் பள்ளி ஆசிரியர்.) பத்தடிமானத்தில் இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் ஒன்றாக வராது. இரும எண்ணில் வரும், 4 அடிமானத்தில் 32 மூன்றுகளாக வரும். அதையெல்லாம் பெரிய குணமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. எழுதுகிற விதத்தைப் பொறுத்தது அது, எண்ணைப் பொறுத்ததில்லை.

முக்கோண எண்ணா, அதாவது 1 + 2 + 3 + ... என்று வரிசையாகக் கூட்டி வருகிற எண்ணா என்பதுதான் சுவையான கேள்வி. ஒரு எண்ணை 8-ஆல் பெருக்கி 1 கூட்டினால் முழு வர்க்கம் வர வேண்டும், அப்போதுதான் அது முக்கோண எண். இங்கே அப்படிச் செய்தால் 2^67 − 7 வருகிறது. 2-இன் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் எப்போதெல்லாம் வர்க்கம் வரும்? இதைக் கேட்டவர் கும்பகோணத்துக்காரர். 1913-இல் இராமானுஜன் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இந்தக் கேள்வியைப் போட்டார். அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆகிய ஐந்து இடங்களில் மட்டும்தான் வரும் என்பது அவர் கணிப்பு. 1948-இல் நார்வேயின் நாகெல் நிறுவினார். பட்டியலில் 67 இல்லை. ஆகவே முக்கோண எண் இல்லை, ஒரு பெருக்கல்கூடப் போடாமல்!

அந்தப் பட்டியலில் கடைசி 15-ஐப் பாருங்கள். 2^15 − 7 = 32761 = 181 × 181. அதனால் 2^12 − 1 = 4095 முக்கோண எண். 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்தவற்றில் முக்கோண எண்ணாக இருக்கும் கடைசி ஆள் அதுதான்.

சும்மா_ஒருத்தன்

எனக்கு ஒரு சந்தேகம். எந்த இருபது இலக்க எண்ணைக் கொடுத்தாலும் நீங்கள் இப்படி ஒரு புராணம் பாடுவீர்கள்தானே? இதில் என்ன ஒசத்தி?

வாத்தியார்_நாகை

பாட முடியாது தம்பி. இரண்டே இரண்டு கூட்டிப் பாருங்கள்: 18446744073709551617. அதுவும் ஃபெர்மா எண்தான், அடுத்த ஆள், 2^64 + 1. நம் எண்ணை இரண்டு நிமிடத்தில் உடைத்தோம், இதை உடைக்க 19ஆம் நூற்றாண்டு வரை ஆயிற்று. 274177 × 67280421310721. 1880-இல் பிரான்சின் லாந்த்ரி தன் 82ஆம் வயதில் கண்டுபிடித்தார். அதற்கு 25 ஆண்டு முன்பே, 1855-இல், கிளாசன் என்பவர் இதைக் கண்டுபிடித்து கணித மேதை காஸுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் 1964 வரை யார் கண்ணிலும் படவில்லை.

கழித்தல் பக்கம் முற்றொருமை வழி விடுகிறது, கூட்டல் பக்கம் சுவர். அளவு ஒன்றுதான்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஹார்டியும் இராமானுஜனும் 1917-இல் காட்டியது: ஒரு பெரிய எண்ணுக்கு வழக்கமாக எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும் என்றால், அதன் மடக்கையின் மடக்கை அளவு. நம் எண்ணுக்கு இயல் மடக்கை 44.36, அதற்கு மறுபடி மடக்கை 3.79. சராசரி ஆளுக்கு நான்கு, நம்மவருக்கு ஏழு. அதிலும் பெரிய காரணிக்கு ஏழு இலக்கம்தான். இந்த அளவு எண்ணுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு இலக்கம் இருக்கும். இது தானாக அமைந்த எண் இல்லை. அதன் பிறப்பிலேயே காரணிகள் பொதிந்திருக்கின்றன.

சும்மா_ஒருத்தன்

சரி சார், சரணடைந்தேன். பாடுங்கள்.

வடமராட்சியான்

பலகோணத்தை ஒருவரும் இன்னும் தொடவில்லையே. 1796-இல் காஸ், 17 பக்க ஒழுங்கு பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று கண்டார். பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும், அப்போதுதான் வரையலாம். அப்படி இல்லாவிட்டால் முடியாது என்பதை 1837-இல் வான்ட்ஸெல் நிறுவினார். தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்தே ஐந்து. எல்லாவற்றையும் பெருக்கினால் 4294967295, அதுதான் 2^32 − 1. இன்றைக்குத் தெரிந்தவரை, ஒற்றைப்படைப் பக்கங்களோடு வரையக்கூடிய மிகப் பெரிய ஒழுங்கு பலகோணத்துக்கு அத்தனை பக்கம். முகிலனின் எண்ணுக்கு அந்த வாய்ப்பு 641-ஆல் போச்சு.

ஒரு விளையாட்டுக் காட்டுறன், பாருங்கோ. பாஸ்கல் முக்கோணத்தை எழுதி, ஒற்றைப்படைக்கு 1, இரட்டைப்படைக்கு 0 போடுங்கோ.

1
1 1
1 0 1
1 1 1 1
1 0 0 0 1
1 1 0 0 1 1

ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாக வாசித்தால் 1, 3, 5, 15, 17, 51. முதல் 32 வரிகளும் 4294967295-இன் 32 வகுஎண்கள், ஒன்றும் விடுபடாமல், ஏறுவரிசையில்! 1-ஐ விட்டால் மிச்சம் 31-உம் வரையக்கூடிய ஒற்றைப்படைப் பலகோணங்கள். 33ஆவது வரியில் இரண்டு ஓரத்திலும் ஒன்று, நடுவில் முழுக்கப் பூஜ்யம். அதுதான் 4294967297. 64ஆவது வரி முழுக்க ஒன்றுகள், அதுதான் இந்த இழையின் எண்.

முகிலன்_64

அண்ணா, இதை நிரலாக எழுதி 64 வரிகளையும் அச்சடித்துப் பார்த்தேன். திரையில் சின்னச் சின்ன முக்கோணங்களாக விழுகிறது. வரி எண்ணைப் பார்த்தாலே எந்த ஃபெர்மா எண்கள் பெருக்கலில் இருக்கின்றன என்றும் சொல்லிவிடலாம் போல. முதல் வரியைப் பூஜ்யம் என்று வைத்தால் 5ஆவது வரி 51, 5-ஐ இருமத்தில் எழுதினால் 101, அதாவது 3-உம் 17-உம். சரியா?

வடமராட்சியான்

ஓம், அதுவேதான்.

தீபா_எண்கள்

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். இந்த எண்ணைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

15-ஐ எடுங்கள். 1 முதல் 15 வரை, 15-உடன் பொதுக் காரணி இல்லாதவை 1, 2, 4, 7, 8, 11, 13, 14. எட்டு. 15-உடன் ஒன்று கூட்டி இரண்டால் வகுத்தால் அதே எட்டு. 3-க்கும் இப்படித்தான்: 1, 2 என்று இரண்டு. 255-க்கு 128. 65535-க்கு 32768. 4294967295-க்கு 2147483648. சார்பகா எண்களின் எண்ணிக்கை, எண்ணோடு ஒன்று கூட்டியதில் சரிபாதி. இந்தக் குணம் மிகவும் அபூர்வம்.

ஏன் தொடர்ந்து வருகிறது? ஒரு எண்ணுக்கு இந்தக் குணம் இருந்து, அதைவிட இரண்டு அதிகமான எண் பகா எண்ணாக இருந்தால், இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதற்கும் இதே குணம் ஒட்டிக்கொள்ளும். 3-க்கு இருக்கிறது, 5 பகா எண், ஆகவே 15. 17 பகா எண், ஆகவே 255. 257, 65537 என்று சங்கிலி நீள்கிறது. 4294967295-க்குப் பிறகு 4294967297 பகா எண்ணாக இருந்திருந்தால் அடுத்த கண்ணி முகிலனின் எண்தான். அது 641-இல் உடைந்ததால் சங்கிலி அறுந்துவிட்டது. நம் எண்ணுக்குச் சார்பகா எண்கள் பாதி இல்லை, எண்ணைப்போல் 0.4992 பங்கு. மயிரிழையில் தவறிப்போன எண் இது.

பிரவீன்_கோவை

அப்படியானால் இந்தக் குணம் உள்ள எண்கள் அந்த ஐந்து மட்டும்தானா? வெறும் நிரல் எழுதித் தேடிப் பார்க்கலாமே.

தீபா_எண்கள்

தேடுங்கள். நான் சொல்லிவிட்டால் சுவை போய்விடும். 65535-ஐத் தாண்டி, பத்து கோடி வரை போதும்.

பிரவீன்_கோவை

கிடைத்துவிட்டது! 83623935. இது 2-இன் அடுக்குக்குப் பக்கத்தில்கூட இல்லையே. காரணிகள் 3 × 5 × 17 × 353 × 929. பைத்தானில்தான் போட்டேன், கன்சோலில் இல்லை.

தீபா_எண்கள்

:) அதேதான். சரிபாருங்கள்: 2 × 4 × 16 × 352 × 928 = 41811968. இரட்டித்தால் 83623936. ஃபெர்மா குடும்பத்தில் பாதியை வைத்துக்கொண்டு, 353, 929 என்று வெளியிலிருந்து இருவரைச் சேர்த்து அதே குணத்தைக் கொண்டுவந்திருக்கிறது. இதைவிட அழகு, 83623935-உடன் இரண்டு கூட்டினால் 83623937. அது பகா எண். ஆகவே இரண்டையும் பெருக்கினால் 6992962672132095, அதற்கும் இந்தக் குணம் உண்டு. சங்கிலி ஓரிடத்தில் அறுந்து, வேறு இடத்தில் முளைத்து, அங்கே ஒரு கண்ணி கூடுதலாகவும் போயிருக்கிறது.

வாத்தியார்_நாகை

ஆகா. இது எனக்குப் புதிது. 35 வருஷம் கணக்கு நடத்தியிருக்கிறேன், 83623935 என்ற பேர்வழியைச் சந்தித்ததில்லை.

நீங்கள் சங்கிலி என்றதும் ஞாபகம் வந்தது. சதுரங்கக் கட்டத்தில் தானியம் வைக்கிற கதை எல்லோருக்கும் தெரியும்: முதல் கட்டத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நான்கு. 64 கட்டத்துக்கும் சேர்த்து முகிலனின் எண். கேரளத்தில் அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயில் பால்பாயசத்துக்கும் இதே கதையைச் சொல்வார்கள். கதையை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். 1000ஆம் ஆண்டு வாக்கில் அல்பிரூனி இதைக் கணக்கிட்டபோது 64 தடவை இரட்டித்துக்கொண்டிருக்கவில்லை. 16, 256, 65536, 4294967296 என்று வர்க்கப்படுத்திக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைக் கழித்தார். நாம் மேலிருந்து இறங்கிய அதே படிக்கட்டில் அவர் கீழிருந்து ஏறியிருக்கிறார். ஆறு வர்க்கப்படுத்தல், ஒரு கழித்தல்.

அந்த அளவை நம் முறையில் எழுதினால் 1 லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடி, அதற்கு மேல் சில்லறை.

சும்மா_ஒருத்தன்

கோடி கோடி என்றால் எனக்கு ஒன்றும் உறைப்பதில்லை. நொடிக் கணக்கில் சொல்லுங்கள்.

வாத்தியார்_நாகை

128-இன் மடங்கைக் காட்டிய அந்த லூக்கா 1883-இல் ஹனோய் கோபுரம் என்ற விளையாட்டை வெளியிட்டார். 64 தட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, குறைந்தபட்ச நகர்த்தல்கள் இதே எண். நொடிக்கு ஒரு தட்டு என்றாலும் சுமார் 58,454 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள். அதைப்போல் 42 மடங்கு. உறைத்ததா?

சும்மா_ஒருத்தன்

உறைத்தது. டீ குடித்துவிட்டு வருகிறேன்.

முகிலன்_64

எல்லோருக்கும் நன்றி. ஒரு தொழில் கேள்வி. இந்தக் காரணிகள் தெரிந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது உபயோகம் உண்டா? 65537 மட்டும் பழக்கப்பட்டது, ஆர்எஸ்ஏ (RSA) என்ற குறியாக்க முறையின் சாவிகளில் அடுக்காக எங்கேயும் அதைத்தான் பார்க்கிறேன்.

தீபா_எண்கள்

உண்டு. நேரடியான ஒன்று: மார்சாலியா 2003-இல் வெளியிட்ட எக்ஸ்ஓஆர்ஷிஃப்ட் என்ற சமவாய்ப்பு எண் உருவாக்கி. 64 பிட் நிலையை மூன்று முறை இடம்வலம் நகர்த்திக் கலக்கும், அவ்வளவுதான். பூஜ்யத்தைத் தவிர எல்லா நிலைகளையும் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் ஆரம்பித்த இடத்துக்குத் திரும்ப வேண்டும், அதாவது சுற்றின் நீளம் சரியாக 2^64 − 1 இருக்க வேண்டும். அதை ஓட்டிப் பார்த்துச் சரிபார்க்க முடியாது, வாத்தியார் சொன்ன கோபுரக் கதைதான்.

ஆனால் இங்கே காரணிகள் கைகொடுக்கும். 2^64 − 1 படி தாண்டினால் தொடங்கிய இடத்துக்கு வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வந்தால், உண்மையான சுற்று நீளம் அந்த எண்ணின் ஏதோ ஒரு வகுஎண். முழு நீளத்தைவிடக் குறைவாக இருந்தால், அது எண்ணை 3-ஆல் வகுத்த ஈவையோ, 5-ஆல் வகுத்த ஈவையோ, இப்படி அந்த ஏழு ஈவுகளில் ஒன்றையாவது வகுக்கும். ஆகவே ஏழு ஈவுகளுக்கு மட்டும் சோதித்தால் போதும். ஒரு படியை ஓர் அணியாக (matrix) எழுதி, அந்த அணியை வர்க்கப்படுத்திப் பெருக்கினால், அத்தனை படிகளைத் தாண்டிய நிலையை நூற்றுச் சொச்சம் பெருக்கலில் எடுத்துவிடலாம். ஏழிலும் தொடங்கிய இடத்துக்கு வரவில்லை என்றால் சுற்று முழுமையானது. காரணி தெரியாவிட்டால் இந்தச் சோதனையே கிடையாது.

முகிலன்_64

128 பிட்டுக்கும் இதே வேலையைச் செய்யலாமா?

வடமராட்சியான்

செய்யலாம். 2^128 − 1 என்பது உங்கள் எண்ணையும் வாத்தியார் சொன்ன 18446744073709551617-ஐயும் பெருக்கியது. ஏழோடு லாந்த்ரியின் இரண்டையும் சேர்த்து ஒன்பது பகா எண்கள். 256 பிட்டுக்குப் போனால் அடுத்த ஃபெர்மா எண் வேண்டும், அதை 1970-இல் மோரிசனும் பிரில்ஹார்ட்டும் கணினியில் உடைத்தார்கள்: 59649589127497217 × 5704689200685129054721. 512-க்கு 1980, பிரென்ட், போலார்ட். 1024-க்கு 1990. ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஒரு ஃபெர்மா எண்ணை யாராவது உடைக்க வேண்டி இருந்தது. எங்கேயோ ஓரிடத்தில் கணினிக்காரர்களும் நின்றுதான் ஆக வேண்டும்: 2-இன் 4096ஆவது அடுக்கோடு ஒன்று கூட்டியதை இன்னும் முழுசாக உடைத்து முடிக்கவில்லை.

பிரவீன்_கோவை

கடைசியாக ஒன்று. ஹாஷ் அட்டவணைக்கு 64 பிட்டுக்குள் அடங்குகிற பெரிய பகா எண் ஒன்று வேண்டும். முகிலனின் எண்ணிலிருந்து எவ்வளவு இறங்க வேண்டும்?

தீபா_எண்கள்

58. 18446744073709551557. 64 பிட்டைத் தாண்டலாம் என்றால் மேலே 14 ஏறினால் போதும், 18446744073709551629. உங்களுக்கு முதலாவதுதான் வேண்டும்.